‘இரேசர்ஹெட்’ எப்படி உருவானது, அதைப் பார்த்து எடுக்கும் படங்கள் எங்கே சறுக்குகின்றன

கேட்கப்பட்டது இரண்டு விஷயம். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் ‘இரேசர்ஹெட்’ படத்தை அவ்வளவு குறைந்த பணத்தில் எப்படி எடுத்தார்கள்? அதே பாணியில் குறும்படம் எடுப்பவர்களுக்கு ஏன் அந்த நடுக்கம் வராமல் வெறும் கிறுக்குத்தனம் மட்டும் வருகிறது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் அந்தப் படத்தில் கண்ணால் பார்த்ததைக் காப்பியடிக்கிறார்கள்: தூக்கி நிற்கும் தலைமுடி, கறுப்பு வெள்ளை, அருவருப்பான ஒரு பொம்மை. காதில் விழுந்ததை விட்டுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் படத்துக்குக் கொட்டப்பட்ட நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஹென்றி ஸ்பென்சர் ஓர் அச்சுத் தொழிலாளி. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒற்றை அறையில் குடியிருக்கிறான். மேரி என்ற பெண்ணுக்கும் அவனுக்கும் பிறந்தது மனிதக் குழந்தைதானா என்றே தெரியாத ஒரு உயிர். மேரி பொறுக்க முடியாமல் தாய்வீட்டுக்குப் போய்விட, அந்த உயிரோடு அவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். கதை என்று சொன்னால் இவ்வளவுதான். 89 நிமிடம்.

லிஞ்ச் முதலில் ஓவியர். ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியில் படித்தவர். அந்த ஊரில் பிணவறைக்குப் பக்கத்தில், ஆலைகளும் பாழடைந்த கட்டடங்களும் நிறைந்த பகுதியில் குடியிருந்தார். படத்தின் புகையும் கரியும் அங்கிருந்து வந்தவை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வட்டாரத்தை இன்று உள்ளூர்க்காரர்கள் ‘இரேசர்ஹுட்’ என்றே செல்லமாக அழைக்கிறார்கள். ஆனால் படப்பிடிப்பு நடந்தது அங்கே இல்லை, நாட்டின் நேர் எதிர்க் கோடியில்: கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில். அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பயிற்சி மையம் அப்போது கிரேஸ்டோன் என்ற பழைய மாளிகையில் இயங்கியது. அங்கே மாணவராக இருந்த லிஞ்சுக்கு அந்த மாளிகையின் குதிரை லாயங்களைக் கொடுத்தார்கள். செட், எடிட்டிங் அறை, கேமரா அறை, சாப்பாட்டு அறை எல்லாம் அந்த லாயத்துக்குள்ளேயே.

திரைக்கதை 21 பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது சினிமாக் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி, இது 21 நிமிடப் படமாகத்தான் வரும் என்று நிறுவனம் நினைத்தது. அவர்கள் கொடுத்தது 10,000 டாலர். 1972 மே மாத இறுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. படம் முதன்முதலில் திரையில் ஓடியது 1977 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலிஸின் ஃபிலிமெக்ஸ் விழாவில். இடையில் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றது, பிறகு தொடங்கியது, மறுபடி நின்றது. லிஞ்ச் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையை வீடு வீடாகப் போட்டுச் சம்பாதித்தார். வாரத்துக்கு 48 டாலர் 50 சென்ட். உதவிக் கேமராவிலிருந்து சமையல் வரை எல்லா வேலையும் பார்த்த கேதரின் கோல்சன், உணவகத்தில் பரிமாறிக் கிடைத்த பணத்தையும் படத்துக்குக் கொடுத்தார். லிஞ்சின் பள்ளி நண்பர் ஜாக் ஃபிஸ்க், அவருடைய மனைவியும் நடிகையுமான சிஸ்ஸி ஸ்பேஸெக் இருவரும் பணம் கொடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் நெம்புகோல்களை இழுக்கும் அந்தத் தீய்ந்த முகத்துக்காரர் ஃபிஸ்க்தான்.

இந்த இழுபறி படத்துக்குக் கெடுதல் செய்ததைவிட நல்லதுதான் அதிகம் செய்தது என்பது என் கருத்து. ஓர் உதாரணம்: ஹென்றி நடைவழியில் வந்து கதவின் குமிழைத் திருப்புகிறான். அடுத்த ஷாட்டில் அறைக்குள் நுழைகிறான். இந்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவே ஒன்றரை வருட இடைவெளி. பார்ப்பவர்களுக்கு ஒரு துளிகூடத் தெரியாது. ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ் அந்தத் தலைமுடியை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்தார். விளக்கு எங்கே இருந்தது, எந்தச் சுவரில் எவ்வளவு கருமை என்பதெல்லாம் மாறவே இல்லை. முதல் ஒளிப்பதிவாளர் ஹெர்பர்ட் கார்ட்வெல் சுமார் ஒன்பது மாதத்தில் விலகி, ஃபிரெடரிக் எல்ம்ஸ் பொறுப்பேற்றார். யார் எடுத்த ஷாட் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வாரக் கடைசியில் இரண்டு நாளில் குறும்படம் எடுத்து முடிப்பவர்கள் கண்டினியூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதற்கு, ஒரு புகைப்படம்கூட எடுத்து வைப்பதில்லை. கனவு மாதிரியான படம்தானே, கொஞ்சம் மாறினால் என்ன என்கிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நடக்கிற காரியம் விசித்திரமாக இருக்க வேண்டுமென்றால், அது நடக்கிற அறை கல்லுப்போல் மாறாமல் இருக்க வேண்டும். அறையும் சேர்ந்து ஆடினால் பார்ப்பவர் பயப்பட மாட்டார், கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்வார்.

இழுபறி கொடுத்த இன்னொரு லாபம், ரேடியேட்டருக்குள் (குளிர்நாட்டு அறைகளில் சுவரோரம் இருக்கும் சூடேற்றி) பாடும் பெண். திரைக்கதையில் அந்தப் பாத்திரமே கிடையாது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது லிஞ்ச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு பெண்ணை வரைந்தார். உப்பிய கன்னங்கள், சின்ன உருவம். வரைந்ததும் ஹென்றியின் அறை செட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கிருந்த ரேடியேட்டரில் ஒரு சின்ன மேடைக்குத் தோதான இடைவெளி இருந்ததாம். அந்த வேடத்தில் நடித்தவர் லாரல் நியர். ‘சொர்க்கத்தில் எல்லாம் நலம்’ என்ற அந்தப் பாட்டுக்கு இசையமைத்துக் குரலும் கொடுத்தவர் பீட்டர் ஐவர்ஸ். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் படம் மூச்சுமுட்டும் இருட்டாக மட்டும் இருந்திருக்கும். படம் முழுக்க ஒலிக்கும் ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பழைய ஆர்கன் இசைக்கும் இதே வேலைதான். நடுநடுவே ஒரு பொருட்காட்சிக் குதூகலத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

இனி ஒலி. ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்லெட் இல்லாமல் இந்தப் படம் இல்லை. லிஞ்சும் அவரும் 1970-ல் வந்த ‘தி கிராண்ட்மதர்’ என்ற 34 நிமிடப் படத்திலேயே சேர்ந்து வேலை செய்தவர்கள். அதற்காக மட்டும் 63 நாள் உட்கார்ந்து ஒலிகளை உருவாக்கினார்கள். எதிரொலி கொடுக்கும் கருவி கையில் இல்லாததால் நீளமான ஏர்கண்டிஷன் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ஒலியை விட்டு மறு முனையில் பதிவு செய்தார்கள். பதிவானதைத் திரும்ப அதே குழாய்க்குள் விட்டு மறுபடி பதிந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அடையாளத்தை இழக்கும். இன்று எந்த எடிட்டிங் மென்பொருளிலும் ஒரு பட்டனில் கிடைக்கிற ரிவெர்ப் இதைச் செய்யாது. அது ஒலியின் மேல் பூசுகிறது, குழாய் ஒலியையே தின்றுவிடுகிறது.

‘இரேசர்ஹெட்’டுக்காக ஒலிபுகாத ஓர் அறையைத் தாங்களே அமைத்துக்கொண்டு சுமார் ஒரு வருடம் ஒலியில் மட்டும் உழைத்தார்கள். சில இடங்களில் பதினைந்து ஒலிகள் வரை ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஹென்றியும் எதிர் அறைப் பெண்ணும் கட்டிலில் இருக்கும் காட்சிக்கு, குளியல் தொட்டியில் மிதக்கும் பாட்டிலுக்குள் மைக்கை வைத்துக் காற்றை ஊதிப் பதிவு செய்தார்கள். இத்தனைக்கும் இது மோனோ படம். அதே 1977-ல்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ டால்பி ஸ்டீரியோவில் வந்து தியேட்டர்களை அதிரவைத்தது. ஒற்றைத் தடத்தில் இவர்கள் செய்ததை ஆறு ஸ்பீக்கர் வைத்தும் பலரால் செய்ய முடியவில்லை.

இரவு உணவுக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேரியின் வீட்டுக்கு ஹென்றி வருகிறான். தரையில் ஒரு நாய் படுத்திருக்க, குட்டிகள் பால் குடிக்கின்றன. அந்தச் சப்பும் சத்தம் பேச்சை விடவும் உரக்கக் கேட்கிறது. மேரியின் அப்பா பிளம்பர், குழாய்களைப் பற்றிக் கத்திப் பேசுகிறார். சமையலறையில் அசைவற்று உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கையில் கரண்டிகளைக் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்தே சாலட்டைக் கிளறுகிறார் அம்மா. மேசையில் உள்ளங்கையளவு சின்னக் கோழிகள். ஹென்றியை வெட்டச் சொல்கிறார்கள். கத்தி பட்டதும் கோழியின் கால்கள் மேலும் கீழும் ஆட, நடுவிலிருந்து கரிய திரவம் கொப்பளிக்கிறது. இதில் கோழியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கோழி வருவதற்கு முன்பே வெகுநேரமாக அந்த வீட்டின் அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கோழி காலை ஆட்டும்போது நீங்கள் ஏற்கெனவே பாதி மிரண்டிருக்கிறீர்கள். கோழியை மட்டும் தனியாக எடுத்தால் அது காமெடி. லிஞ்சுக்கும் அது பாதி காமெடிதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் படத்தில் இதைச் செய்ய வேண்டுமானால் படப்பிடிப்பு நாளிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் அமைதி ஒலியை, பதியுங்கள். அதற்குமேல் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக ஓர் அடுக்கு கட்டுங்கள். அடியில் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒரு முழக்கம். ஃப்ரிட்ஜ், மாவு மில், தண்ணீர் மோட்டார் எதையாவது பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கி இந்த இடத்துக்கு வந்துவிடும். நடுவில் 200 முதல் 600 ஹெர்ட்ஸில் ஓர் இயந்திர முனகல். மேலே நீராவி சீறுவது மாதிரி மெல்லிய இரைச்சல். மூன்றையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். காட்சி மாறும்போது மூன்றும் ஒன்றாக மாறக் கூடாது. கதவைச் சாத்தினால் மேலிருப்பது மட்டும் அறுபட வேண்டும், அடியிலிருப்பது தொடர வேண்டும்.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போவது லூப். ஒரே 30 விநாடித் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் மூன்றாவது சுற்றில் காது பிடித்துவிடும். ஒன்றை 47 விநாடி, இன்னொன்றை 71 விநாடி என்று பொருந்தாத நீளத்தில் வெட்டிச் சேர்த்து ஓட்டுங்கள். அவை இரண்டும் மறுபடி ஒரே புள்ளியில் தொடங்க 55 நிமிடத்துக்கு மேல் ஆகும். குறும்படம் அதற்குள் முடிந்திருக்கும். அடுத்த தொல்லை கைபேசி. அதன் ஸ்பீக்கருக்கு 60 ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் ஹெட்ஃபோனில் கேட்டு ரசித்த முழக்கம் பார்வையாளரிடம் போய்ச் சேரவே சேராது. அடி ஒலியை லேசாகச் சிதைத்து அதன் மேல் சுருதிகளை 150, 250 ஹெர்ட்ஸ் பக்கம் எழுப்பிவிட்டால் சின்ன ஸ்பீக்கரிலும் அது இருப்பதாக மூளை ஊகித்துக்கொள்ளும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி எறிந்துவிடுங்கள். யாருக்கும் கேட்காது, ஆனால் மொத்த மிக்ஸின் இடத்தையும் அடைத்துக்கொண்டு லிமிட்டரை (ஒலி அளவு மீறாமல் அமுக்கும் கருவி) திணறவைக்கும். வசனம் எழும்பி எழும்பி அமுங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

குழந்தைக்கு வருவோம். அதை எதனால் செய்தார்கள் என்று லிஞ்ச் கடைசிவரை சொல்லவில்லை. 2025 ஜனவரியில் அவர் இறக்கும்வரை எத்தனையோ பேர் கேட்டும் வாய் திறக்கவில்லை. கன்றுக்குட்டியின் கரு என்றொரு வதந்தி அரை நூற்றாண்டாக ஓடுகிறது. உறுதி எதுவும் கிடையாது. ஜாக் நான்ஸ் அதற்கு ‘ஸ்பைக்’ என்று பெயர் வைத்தார் என்பது மட்டும் தெரியும். எதனால் செய்தது என்பது தெரியாவிட்டாலும் எப்படிப் படமெடுத்தார்கள் என்பது திரையிலேயே தெரிகிறது. உடல் முழுக்கக் கட்டுத்துணி. அதனால் கை, கால், உள்ளிருக்கும் கம்பி, குழாய் எதையும் காட்ட வேண்டியதில்லை. வெளியே தெரிவது தலையும் மெல்லிய கழுத்தும்தான். கண் சிமிட்டுகிறது, வாய் அசைகிறது, தோல் ஈரமாக மின்னுகிறது. பொம்மையை உயிருள்ளதாக நம்பவைப்பது இந்த ஈரம்தான். உலர்ந்த ரப்பரில் வெளிச்சம் மந்தமாகப் பரவும், ஈரத்தில் புள்ளியாகத் தெறிக்கும். கிளிசரின் தடவினால் விளக்கின் சூட்டிலும் சீக்கிரம் காயாது. தண்ணீர் தெளித்தால் இரண்டு டேக்குக்குள் காய்ந்துவிடும், ஷாட்டுக்கு ஷாட் மாறித் தெரியும்.

அது பயமுறுத்துவதைவிடப் பரிதாபப்படவைக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஹென்றி காய்ச்சல் பார்க்கிறான், சரியாகவே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் கொப்புளம். பக்கத்தில் ஆவி பிடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். இது எந்த வீட்டிலும் நடக்கிற காட்சி. லிஞ்சின் மகள் ஜெனிஃபர் வளைந்த பாதங்களோடு பிறந்தவர் என்பதால் படத்தைத் தகப்பனாகும் பயம் என்று விளக்குவது வழக்கம். தவறில்லை, ஆனால் அந்தச் சாவி எல்லாக் கதவையும் திறக்காது. லிஞ்ச் எந்த விளக்கத்தையும் ஏற்கவில்லை. பைபிளில் படித்த ஒரு வாக்கியம் படத்தை முழுமையாக்கித் தந்தது என்றார், எந்த வாக்கியம் என்று சொல்லவில்லை.

இருட்டு பற்றிச் சுருக்கமாக. இருட்டான காட்சி என்றால் குறைவாக எக்ஸ்போஸ் செய்வது என்று நினைக்காதீர்கள். டிஜிட்டலில் அப்படிச் செய்தால் கருமைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்வதுபோல் நாய்ஸ்தான் வரும். முகத்தின் ஒரு பக்கத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்து, மீதி எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மறைத்து எடுங்கள். பிறகு கலர் கரெக்‌ஷனில் கீழே இறக்குங்கள். இணையத்தில் ஏற்றும்போது இருண்ட சுவர்கள் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக உடையும். ஏற்றுவதற்கு முன் லேசாக கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் பெருமளவு மறையும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதாக இருந்தால் உடையையும் சுவரையும் முன்கூட்டியே கேமராவில் பார்த்துவிடுங்கள். சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகி ஆளே சுவரில் கரைந்துபோவது அடிக்கடி நடப்பது.

வெளியீட்டுக் கதையும் பொறுமைக் கதைதான். ஃபிலிமெக்ஸில் திரையிட்டபோது படம் இன்னும் நீளம். அந்தக் காட்சிக்குப் பிறகு சுமார் 20 நிமிடத்தை லிஞ்ச் வெட்டினார். ‘வெரைட்டி’ என்ற சினிமாப் பத்திரிகை கடுமையாகத் திட்டி எழுதியது. ஆனால் பென் பேரன்ஹோல்ட்ஸ் என்ற விநியோகஸ்தருக்குப் படம் பிடித்துவிட்டது. 1970-ல் நியூயார்க் எல்ஜின் தியேட்டரில் ‘எல் டோப்போ’ என்ற படத்தை நள்ளிரவில் ஓட்டி, நள்ளிரவுக் காட்சி என்ற வழக்கத்தையே நிலைநிறுத்தியவர் அவர். 1977 இலையுதிர் காலத்தில் சினிமா வில்லேஜ் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார். முதல் நாள் வந்தவர்கள் 25 பேர். விளம்பரத்துக்குச் செலவழிக்காமல், படத்தைத் தூக்காமல், வாய்வழிச் செய்தி பரவும்வரை காத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் நூஆர்ட் தியேட்டரில் அது வருடக்கணக்கில் ஓடியது. முதல் வாரத்தில் கூட்டம் இல்லை என்று எடுத்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தாக்கம் என்று வந்தால் முதலில் லிஞ்சின் சொந்த வாழ்க்கை. படத்தைப் பார்த்த மெல் புரூக்ஸ், நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போனவர், ‘தி எலிஃபன்ட் மேன்’ படத்தை லிஞ்சிடம் ஒப்படைத்தார். 1980-ல் வந்த அது எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. ‘தி ஷைனிங்’ எடுக்கும்போது ஸ்டான்லி குப்ரிக் தன் குழுவினருக்கு ‘இரேசர்ஹெட்’டைப் போட்டுக் காட்டினார். ஜப்பானில் ஷின்யா சுகமோட்டோவின் ‘டெட்சுவோ’ (1989) இரும்பும் சதையும் கலந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கனவை எடுத்துக்கொண்டு பத்து மடங்கு வேகத்தில் ஓட்டியது. சரியாகக் கடன் வாங்குவது எப்படி என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அதுதான். சுகமோட்டோ முடியையோ குழந்தையையோ தொடவில்லை, ஆலைச் சத்தத்தை எடுத்துக்கொண்டார். ‘பிக்ஸீஸ்’ இசைக்குழு ரேடியேட்டர் பெண்ணின் பாட்டைத் தன் மேடைகளில் பாடியது. 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஹென்றியின் கட்டடத்து முகப்புக் கூடத்தில் இருக்கும் மடங்கி மடங்கிச் செல்லும் கோடு போட்ட தரை, 1990-ல் லிஞ்சின் ‘ட்வின் பீக்ஸ்’ டிவி தொடரின் சிவப்பு அறையில் திரும்ப வந்தது. அதே தொடரில் கட்டையைச் சுமந்து வரும் பெண்மணி கேதரின் கோல்சன்தான். அந்தப் பாத்திரத்துக்கான யோசனையே லாயத்தில் ‘இரேசர்ஹெட்’ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தது.

பார்க்க உட்காருகிறவர்களுக்கு: டிவியில் அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பிரைட்னஸைச் சரிசெய்யுங்கள். லிஞ்ச் தானே வெளியிட்ட டிவிடியில் படத்துக்கு முன்னால் டிவியைச் சரிசெய்து கொள்வதற்கென்றே ஒரு பகுதி வைத்திருந்தார், அந்த அளவுக்கு அதில் பிடிவாதம். ‘நைட் மோட்’ ஒலி அமைப்பு வேண்டவே வேண்டாம், அது அடி முழக்கத்தையும் வசனத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். படம் எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டாம் முறை இரவு உணவுக் காட்சியைத் திரையை மறைத்துவிட்டுக் கேளுங்கள். காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் தாளில் எழுதுங்கள்: எது தொடர்ந்து ஓடுகிறது, எது எப்போது நுழைகிறது, எது நிற்கிறது. பேச்சை நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்தபின், உங்கள் படத்தின் டைம்லைனைத் திறந்து அதே மாதிரி எண்ணுங்கள்.